43 அடியில் நேரத்தைத் திருடுவது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஃபாஸ்ட்பிட்ச் சாப்ட்பாலில் பந்து போடும் பிட்சர் நிற்கும் பலகைக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 43 அடி, அதாவது 13.11 மீட்டர். பிட்சர் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, முன்னால் ஒரு நீள எட்டு எடுத்து வைத்துத்தான் பந்தை விடுவார். அதனால் பந்து பறக்கிற தூரம் 11 மீட்டர் சொச்சம்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போட்டால் அது பேட்டரிடம் வந்துசேர ஏறத்தாழ 0.4 விநாடி ஆகும். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கே பேட்ஸ்மேனுக்கு அரை விநாடிக்குப் பக்கத்தில் கிடைக்கிறது.

அதாவது 100-ல் போடும் ஒரு பெண், 140-ல் போடும் ஆணைவிடக் குறைவான நேரத்தைத்தான் பேட்டருக்குத் தருகிறார். எங்கள் பக்கம் இதைச் சொன்னால் லேசில் நம்ப மாட்டார்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். அதில் ஊறிய தம்பிகள் எங்கள் மைதானத்துக்கு வந்து, “அண்டர் ஆர்ம்ல போடுறதுதானே டீச்சர்” என்று மட்டையை வாங்குவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும் பந்து அவர்கள் மட்டை அசைவதற்குள் கேட்சர் கையில் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் சாப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச், பேஸ்பாலின் பெரிய அடிகாரரான ஆல்பர்ட் பூஹோல்ஸை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். பூஹோல்ஸின் கண்ணும் கையும் 60 அடிக்கு அப்பாலிருந்து, தோளுக்கு மேலிருந்து இறங்கி வரும் பந்துக்குப் பழகியவை. இடுப்புப் பக்கத்திலிருந்து கிளம்பி 43 அடியில் வரும் பந்துக்கு அந்தப் பழக்கம் உதவவில்லை.

நான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கபடி, பூப்பந்து, எறிபந்து எல்லாவற்றோடும் சாப்ட்பாலும் சொல்லித் தருகிறேன். இந்திய பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் இந்த ஆட்டம் உண்டு, அதனால் பிள்ளைகளுக்கு மாவட்டம், மாநிலம் தாண்டிப் போக வழி இருக்கிறது. ஆனால் தமிழில் இதன் உத்தியைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக இல்லை. விதிமுறைப் புத்தகம் கிடைக்கும். எந்த நேரத்தில் எந்தப் பந்து, எதை அடிக்கணும், எதை விடணும் என்று பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்றுதான் இந்த நீளப் பதிவு. கிரிக்கெட் தெரிந்த எவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

பிட்சர் என்றதும் நம் ஊரில் எல்லாரும் கேட்பது வேகம். மாவட்டத் தேர்வுக்குப் போனாலும் கையில் வலு உள்ள, உயரமான பிள்ளையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வேகம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே வேகத்தில் வரும் பந்தை, எவ்வளவு வேகமாக இருந்தாலும், மூன்றாவது முறை பார்க்கும்போது நல்ல பேட்டர் பிடித்துவிடுவார். ஓர் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ், எதிரணியின் 21 அவுட்டை எடுக்க வேண்டும். பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர். கணக்குப் போட்டால் ஒவ்வொருவரும் இரண்டு முறையாவது வந்துவிடுவார்கள், பலர் மூன்றாம் முறையும் வருவார்கள். முதல் இரண்டு இன்னிங்ஸில் எல்லாரையும் உட்கார வைத்த வேகப் பிட்சர், ஐந்தாவது இன்னிங்ஸில் அடி வாங்குவதை மாவட்டப் போட்டிகளில் நீங்களே பார்க்கலாம். அந்தப் பிள்ளை களைத்துவிட்டாள் என்று சொல்வார்கள். பாதி நேரம் அவள் களைத்திருக்க மாட்டாள். எதிரணியின் கண் அவளுக்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான்.

பேட்டர் மட்டையைச் சுழற்றுவது என்பது நேரக் கணக்கு. பந்து எப்போது வரும் என்று உடம்பு ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, அதற்கேற்ப முன்கால், இடுப்பு, கை என்று வரிசையாகக் கிளம்பும். பிட்சரின் வேலை அந்தக் கணக்கைக் கெடுப்பது. மேலே கீழே போட்டும் கெடுக்கலாம், உள்ளே வெளியே போட்டும் கெடுக்கலாம், வேகத்தை மாற்றியும் கெடுக்கலாம். மூன்றில் எனக்குப் பிடித்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் வரக்கூடியதும் மூன்றாவதுதான். அதன் பெயர் சேஞ்ச்-அப்.

எண்ணிலேயே பார்ப்போம். ஒரு பிள்ளை 80 கிலோமீட்டர் வேகத்தில் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பந்து அரை விநாடியில் வந்துவிடும். அதே பிள்ளை அதே கைவீச்சில் 60-ல் வரும் பந்தைப் போட்டால் 0.66 விநாடி ஆகும். வித்தியாசம் விநாடியில் ஆறில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் பேட்டரின் மட்டை பந்து வர வேண்டிய இடத்தைக் கடந்து தோளுக்குப் பின்னால் போய்விடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பட்டாசுத் திரியை வைத்துத்தான் சொல்வேன்: பார்க்க ஒரே மாதிரி இரண்டு திரி, ஒன்று சட்டென்று பிடித்துக்கொள்ளும், இன்னொன்று புகைந்துகொண்டே இருக்கும், பற்ற வைத்தவருக்கு எது எது என்று தெரியாது. உடனே புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள்.

சேஞ்ச்-அப்பில் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில். பந்து மெதுவாகப் போக வேண்டும் என்றதும் கையையும் மெதுவாகச் சுற்றுவார்கள். அப்போது அது சேஞ்ச்-அப் இல்லை, அடிக்கச் சொல்லிக் கையில் கொடுக்கிற பந்து. கையின் வேகம் குறையவே கூடாது. பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் ஆழமாக வைத்துக்கொண்டோ, விடும் நேரத்தில் புறங்கை பேட்டரைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பியோ விட்டால், கையின் வேகம் முழுதாகப் பந்துக்குப் போய்ச் சேராது. இரண்டில் எது எந்தக் கைக்கு வரும் என்று போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி எளிது. பிட்சருக்கு எதிரே, கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் மற்ற பிள்ளைகளை நிறுத்துவேன். பிட்சர் கையைச் சுற்றத் தொடங்கியதும், பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அவர்கள் “வேகம்” என்றோ “மெது” என்றோ கத்த வேண்டும். சரியாகக் கத்தினால் பிட்சர் தோற்றாள். தோளைத் தொங்கப் போடுகிறாள், உதட்டைக் கடிக்கிறாள், எட்டு சின்னதாகிறது என்று என் கண்ணுக்குத் தப்புவதையெல்லாம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு பிள்ளை மெதுப் பந்துக்கு முன்னால் மட்டும் கையுறைக்குள் பந்தை இரண்டு தடவை உருட்டுவாள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆறாம் வகுப்புச் சிறுமி. பத்துப் பேர் கத்தி, பாதிப் பேர் தப்பாகக் கத்துகிற நிலை வந்தால் அந்தப் பந்து ஆட்டத்துக்குத் தயார்.

சேஞ்ச்-அப்பைக் கடைசிவரை ஒளித்து வைத்து, இக்கட்டான நேரத்தில் எடுக்கணும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் இன்னிங்ஸிலேயே, முதல் மூன்று பேட்டர்களுக்குள்ளேயே ஒன்றைக் காட்டிவிட வேண்டும். அது ஸ்ட்ரைக் ஆகாமல் போனாலும் பரவாயில்லை. அப்படி ஒரு பந்து இந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று தெரிந்தபின், எதிரணி பேட்டர்கள் ஒன்பது பேரும் ஆட்டம் முடியும்வரை அதை மனசில் சுமந்துகொண்டுதான் நிற்க வேண்டும். அதனால் அவளுடைய சாதாரண வேகப் பந்துக்கே மதிப்புக் கூடுகிறது. நம்ம அஸ்வின் டெஸ்டில் எடுத்த 537 விக்கெட்டில் எத்தனை பேர் வேகத்தில் விழுந்தார்கள்? எந்தப் பந்து எப்போது வரும் என்று யோசிக்க வைத்தே எடுத்தவர் அவர்.

மேலே கீழே என்பதற்கு வருகிறேன். ரைஸ், டிராப் என்று இரண்டு பந்து. ரைஸ் பந்து கீழிருந்து பின்சுழலோடு வருவது. அது நடுவழியில் மேலே எகிறுகிறது என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். உண்மையில் புவியீர்ப்பு அதையும் இழுக்கத்தான் செய்கிறது. தாழ்ந்த இடத்திலிருந்து மேல்நோக்கி விடப்படுவதாலும், பின்சுழல் காற்றில் அதைத் தாங்குவதாலும், கண் எதிர்பார்க்கும் அளவுக்கு அது இறங்குவதில்லை. மட்டை அதற்குக் கீழே போய்விடும். பட்டால் வானத்துக்கு எழும்பும் கேட்ச். டிராப் அதற்கு நேர் எதிர். முன்சுழலோடு வந்து, கண் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறங்கும். மட்டை பந்தின் தலையில் படும், பந்து தரையில் உருளும்.

பல புத்தகங்கள் புதுப் பிட்சருக்கு டிராப்பைத்தான் முதலில் சொல்லும். தரையில் உருளும் பந்து பெரிய சேதம் செய்யாது என்பது காரணம். நல்ல புல் மைதானத்துக்கு அது சரி. எங்கள் மைதானம் கரிசல். சித்திரை, வைகாசியில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விரல் நுழைகிற வெடிப்பு, கல் மாதிரி இறுகிய கட்டி. டிராப்பில் அடித்த பந்து அந்த வெடிப்பு விளிம்பில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று ஷார்ட் ஸ்டாப்பில், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே, நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. சாப்ட்பால் கிரிக்கெட் பந்தைவிடக் கனம், 180 கிராமுக்கு மேல் இருக்கும். தாடையில் ஒரு தடவை வாங்கிய பிள்ளை அடுத்த பந்துக்குக் குனிய மாட்டாள். பிட்சர் தன் வேலையைச் சரியாகச் செய்தும் ரன் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கோடையில் எங்கள் ஊரில் டிராப்பை நம்பி ஆட்டத்தை நடத்தக் கூடாது என்பது என் முடிவு. உயரத்தில் போட்டுக் கேட்சுக்கு வாங்குவதுதான் மேல்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. சுழல் இல்லாமல் உயரத்தில் போடும் பந்து ரைஸ் இல்லை. அது சும்மா ஓர் உயரப் பந்து, நன்றாக அடிக்கத் தெரிந்தவளுக்கு அல்வா. வேலி இல்லாத பள்ளி மைதானத்தில் அது உருண்டு வேப்பமரம் தாண்டிப் போய்விடும். உண்மையான ரைஸ் பழக வருஷக் கணக்காகும், பல பிள்ளைகளுக்கு வரவே வராது. அது வரும்வரை என்ன செய்வது? முந்தின நாள் சாயங்காலம் உள்வட்டத்தில் தண்ணீர் தெளித்து ரோலர் போடுங்கள். காலையில் பந்து ஓரளவு நேராக உருளும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள பள்ளிகளில் அதுவும் நடக்காது என்று தெரியும். அப்படியானால் சேஞ்ச்-அப்புக்கே திரும்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். மழை பெய்த கரிசலில் பந்து விழுந்த இடத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். அந்தச் சமயத்தில் பண்ட் எடுக்கத் தெரிந்த அணியை வெல்வது கஷ்டம். மட்டையைச் சுழற்றாமல் பந்தின் குறுக்கே பிடித்து, ஹோம் பிளேட்டுக்கு முன்னால் சாகடிக்க வேண்டியதுதான். ஓடி வந்து எடுக்கிற மூன்றாம் பேஸ் பிள்ளையின் ஷூவில் ஒரு கிலோ மண் இருக்கும்.

ஆடி மாசம் மேல்காற்று அடிக்கிறதே, அதையும் கணக்கில் வைக்கலாம். எதிர்க்காற்றில் போட்டால் சுழலும் பந்து இன்னும் கூடுதலாக வளையும், இறங்கும். பயிற்சி ஆட்டத்தில் பேஸ்களை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், ஆடியில் நான் பிட்சரை மேற்கே பார்த்து நிற்க வைப்பேன். புதிதாக வளைவுப் பந்து பழகும் பிள்ளைக்கு, தன் பந்து வளைவதைக் கண்ணால் பார்ப்பது பெரிய தெம்பு.

இனி அடிக்கிற பக்கம்.

0.4 விநாடியில் பந்தைப் பார்த்து, எது என்று புரிந்து, முடிவெடுத்து அடிப்பது நடக்காத காரியம். அதனால் பேட்டர் முடிவில் பாதியைப் பந்து கிளம்புவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். முதல் ஸ்ட்ரைக் விழுகிறவரை ஒரே ஒரு வகைப் பந்தை, ஒரே ஓர் இடத்தில் எதிர்பார்த்து நில்லுங்கள். தொடை உயரத்தில், உள்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்தால் முழு பலத்தோடு அடி. வேறெங்கு வந்தாலும், அது ஸ்ட்ரைக்காகவே இருந்தாலும், விட்டுவிடு. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பதற்றம் வரும். ஒரு ஸ்ட்ரைக்கைச் சும்மா கொடுப்பதா என்று கேட்பார்கள். மூன்று இருக்கிறது, ஒன்றைக் கொடு. பிட்சருக்குப் பிடித்த பந்தை அடித்து எளிதாக அவுட் ஆவதைவிட அது எவ்வளவோ மேல்.

ரைஸ் போடுகிற பிட்சர் என்றால் விதி இன்னும் கறார். இடுப்பு உயரத்தில் கிளம்பி வருவது போலத் தெரிந்தால் தொடாதே. அது வந்துசேரும்போது ஸ்ட்ரைக் பகுதிக்கு மேலே போயிருக்கும். ஸ்ட்ரைக் பகுதி என்பது அக்குளுக்கும் முழங்காலின் மேல்பக்கத்துக்கும் நடுவே இருப்பது. இதைப் பழக்க ஒரு மரச் சட்டத்தில் கயிறு கட்டி, அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய கனத்த அட்டையை மேல் பகுதிக்குச் சிவப்பு, கீழ்ப் பகுதிக்கு நீலம் என்று தொங்க விட்டிருக்கிறேன். சிவகாசியில் காலண்டர் அட்டைக்குப் பஞ்சமா? பிட்சர் அதைக் குறிவைத்துப் போடுவாள். பேட்டர் மட்டையே இல்லாமல் பக்கத்தில் நின்று, அடிப்பேன், விடுவேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். எதை விடணும் என்று தெரிந்த பிறகுதான் கையில் மட்டை.

இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால் இந்த ராஜ தோரணையெல்லாம் கிடையாது. மட்டையை ஓர் அங்குலம் மேலே ஏற்றிப் பிடி, வீச்சைச் சுருக்கு, கிட்டத்தில் வருவதையெல்லாம் தொட்டு ஃபவுலாவது (கோட்டுக்கு வெளியே போகும் அடி) ஆக்கு. பேட்டருக்கான கட்டம் 7 அடி நீளம். அதையும் பயன்படுத்துங்கள். வேகக்காரி என்றால் கட்டத்தின் பின்கோட்டுக்குப் போனால் கண்ணிமைக்கும் நேரம் கூடக் கிடைக்கும். டிராப்காரி என்றால் முன்னால் வந்து, பந்து இறங்குவதற்கு முன்பே அடிக்கலாம். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலோர் முதல் நாள் எங்கே நின்றார்களோ அங்கேயேதான் கடைசிவரை நிற்பார்கள். 7 அடி கொடுத்திருப்பது அதற்காக இல்லை.

இப்போது கேட்சர். என்னைக் கேட்டால் அணியின் மூளை அவள்தான். பேட்டரின் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவள், பேட்டரின் மூச்சு சத்தம்கூட அவளுக்குக் கேட்கும். ஃபவுல் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும், பாதிக் கணக்கு வெளிச்சமாகிவிடும். வலது கை பேட்டர் மூன்றாம் பேஸ் பக்கம் ஃபவுல் அடித்தால் அவள் அவசரப்பட்டிருக்கிறாள். முதல் பேஸ் பக்கம் போனால் தாமதம். நேரே பின்னால் போனால் நேரம் கச்சிதம், மட்டைதான் கொஞ்சம் கீழே போயிருக்கிறது. மூன்றாவதுதான் ஆபத்து. அடுத்த பந்தை அதே வேகத்தில் அதே உயரத்தில் போட்டால் அடி உறுதி.

ஒரு போட்டியில் எங்கள் கேட்சர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, இரண்டு ஸ்ட்ரைக், ஒரு பால் (ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போன பந்து) இருக்கும்போது நேரம் கேட்டு என்னிடம் ஓடி வந்தாள். முகமூடியைத் தூக்கிக்கொண்டு, “டீச்சர், அந்த அக்கா ஃபவுல் ரெண்டும் என் தலைக்கு மேல நேராப் பின்னாடி போச்சு. பின்காலு ஒரு முழம் பின்னால இறங்கிருச்சு. வேகத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க” என்றாள்.

“அப்ப என்ன போடச் சொல்லப் போற?”

“மெதுவாத்தான். ஆனா இவ பயப்படுறா டீச்சர். தரையில விழுந்துட்டா ஓடிருவாங்கங்கிறா.”

“விழுந்தா நீ தடுத்துருவேன்னு சொல்லும்மா.”

போய்ச் சொன்னாள். பந்து முழங்கால் உயரத்தில் மிதந்து வந்தது. அந்த பேட்டரின் இடுப்பு முன்னாலேயே சுழன்றுவிட்டது, மட்டையின் நுனி மட்டும் கடைசியில் பந்தைத் தொட்டது. பிட்சர் காலடிக்கே உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாள். நான் பெருமையாகச் சொல்வது அந்தப் பந்தை இல்லை. 14 வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு எடுத்த முடிவைத்தான். அவளுடைய அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவர். புரட்டாசி, ஐப்பசியில் சீசன் வேலை கூடும்போது தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவது இவள் பொறுப்பு, காலைப் பயிற்சிக்கு அரைமணி தாமதமாகத்தான் வருவாள். அந்த மாதங்களில் பயிற்சி நேரத்தை அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் மாற்றி வைத்துக்கொள்கிறோம். ஆலை வண்டி கிளம்பிய பிறகுதான் பயிற்சி. இந்தப் பகுதியில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர நினைப்பவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஓட்டக்காரப் பிள்ளை இருந்தால் ஸ்லாப் சொல்லிக்கொடுங்கள். இடது கைப் பக்கம் நின்று, பந்து வரும்போதே ஓடத் தொடங்கி, ஓடுகிற ஓட்டத்தில் பந்தை ஷார்ட் ஸ்டாப் பக்கம் தரையில் தட்டிவிடுவது. முதல் பேஸ் 60 அடிதான். வேகமான பிள்ளை மூன்று விநாடிக்குள் போய்விடுவாள். வலது கைக்காரியை இடது பக்கம் நிற்க வைத்துப் பழக்குவது உலகம் பூராவும் நடப்பதுதான், கூச்சப்படாதீர்கள். வெடித்த கரிசலில் இதைத் தடுக்கிற அணியை நான் இன்னும் பார்க்கவில்லை.

குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு பெரிய ஜப்பானின் சாப்ட்பாலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யுகிகோ உவேனோ என்ற பிட்சரின் பெயர் எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் முழுதும் அவர் போட்டார். அமெரிக்காவிடம் 9 இன்னிங்ஸில் தோல்வி, பிறகு ஆஸ்திரேலியாவுடன் 12 இன்னிங்ஸ் இழுத்து வெற்றி. மறுநாள் இறுதி ஆட்டத்தில் அதே அமெரிக்காவை 3-1 என்று வென்றார்கள். இரண்டு நாளில் அவர் போட்ட பந்துகள் 413. அதற்கு முன் நடந்த மூன்று ஒலிம்பிக் தங்கமும் அமெரிக்காவிடம்தான் இருந்தது.

வீரக் கதைதான். ஆனால் பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசுவது 13 ஆண்டு கழித்து நடந்ததைப் பற்றி. டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம், 2021 ஜூலை 27, யோகோஹாமா. உவேனோவுக்கு 39 வயது. இந்த முறை ஜப்பான் அவரைத் தனியாக விடவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் அவரை வெளியே எடுத்துவிட்டு 20 வயது மியு கோட்டோவைக் கொண்டு வந்தார்கள். கோட்டோ இடது கைக்காரர். ஐந்து இன்னிங்ஸ் ஒரு வலது கைக்குப் பழகிய அமெரிக்கக் கண்களுக்கு முன்னால், வேறொரு கோணத்திலிருந்து பந்து வந்தது. அந்த இன்னிங்ஸில் ஒரு கடும் அடி மூன்றாம் பேஸில் நின்றவரின் மணிக்கட்டில் பட்டுத் தெறிக்க, ஷார்ட் ஸ்டாப் மானா அட்சுமி பந்து தரையில் விழுவதற்கு முன் பிடித்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து இரட்டை அவுட் ஆக்கினார். ஏழாவது இன்னிங்ஸுக்கு உவேனோ திரும்ப வந்தார். தொடக்க ஆட்டக்காரர் வெளியே போய் ஒருமுறை திரும்ப வரலாம் என்று விதி இருக்கிறது, அதை அழகாகப் பயன்படுத்தினார்கள். 2-0, தங்கம். ஜப்பானின் முதல் ரன்னே உள்வட்டத்துக்குள் உருண்ட ஒரு சின்ன அடியில், கால் வேகத்தால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2008-இல் ஒரே கை, 2021-இல் இரண்டு கை. நம் பள்ளி அணிகள் இன்னும் 2008-லேயே இருக்கின்றன. ஒரு நல்ல பிட்சர் கிடைத்துவிட்டால் காலை ஆட்டமும் அவள்தான், மதியம் ஆட்டமும் அவள்தான். கீழிருந்து போடுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை வேறு. முழுச் சுற்றுச் சுற்றும் கையில் தோளின் முன்பக்கமும் மேல்கைத் தசையும் கடும் இழுப்பைத் தாங்குகின்றன. 15 வயதில் தோள்வலியோடு ஆட்டத்தை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அவர்கள் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. முகத்துக்குக் கவசம் இல்லாமல் பிட்சரை நிறுத்துவதும் வேண்டாம். பந்தை விட்டு முடிக்கும்போது அவள் பேட்டரிடமிருந்து 40 அடிக்கும் குறைவான தூரத்தில் நிற்கிறாள். உவேனோவுக்கே 2019-இல் ஓர் அடி பட்டுத் தாடை எலும்பு முறிந்தது.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆந்திராவின் அனந்தபூரைக் காட்டுவேன். எங்கள் மாவட்டத்தைப் போலவே மழை பொய்க்கிற பூமி. அங்கே ரூரல் டெவலப்மென்ட் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சாப்ட்பால் பயிற்சி தருகிறது. பெரிய மைதானமோ பெரும் பணமோ இந்த ஆட்டத்துக்குத் தேவையில்லை. பேஸுக்கு பேஸ் 60 அடி, அது எந்தப் பள்ளி வளாகத்திலும் அடங்கும். 2024 பாரிஸில் இல்லாமல் போன சாப்ட்பால் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் திரும்ப வருகிறது என்பதும் பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகம்.

மாவட்டத்தில் உள்ள சக உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வில் பிட்சர்களைச் சுவரைப் பார்த்துப் போடச் சொல்லி வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். எதிரே ஒரு நல்ல பேட்டரை நிறுத்துங்கள். அதே பேட்டருக்கு மூன்று முறை போடச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் பேட்டரைத் தடுமாற வைக்கிற பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், அவள் குட்டையாக இருந்தாலும், கை மெல்லியதாக இருந்தாலும். அணிக்கு ஒருத்தியை எடுக்காமல் இரண்டு பேரை எடுங்கள், முடிந்தால் ஒருத்தி இடது கைக்காரியாக. கேட்சருக்கும் பிட்சருக்கும் முகக் கவசம் இல்லாத பள்ளிகள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எங்களிடம் கூடுதலாக இருப்பதைப் போட்டி நாளில் கொண்டுவந்து தருகிறோம்.